திராட்சைக் கொடி மற்றும் அத்தையின் விடுப்பு நீட்டிப்பு தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். திறந்த பிறகு, முதல் வரியிலேயே எதற்குப் பொய் என்று தோன்றியதால், உங்கள் நலத்தை மட்டும் விசாரித்துக்கொள்கிறேன். மகள் நலமா, பேத்திக்குப் பல் முளைத்த எரிச்சல் அடங்கியதா, உங்கள் இடுப்புப் பிடிப்பு எப்படி இருக்கிறது, அங்கே பனி விட்டதா? உங்கள் அத்தை நலமா என்று கேட்கவில்லை. தினமும் போனில் பார்க்கிறேன், முகம் நன்றாக உருண்டுதான் போயிருக்கிறது.

இதை வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் உங்கள் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பியதற்கு மன்னிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அத்தைதான் பிரிப்பாள். போனில் பேசலாம் என்றால் நீங்கள் எடுத்த எடுப்பிலேயே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். "மாப்பிள்ளை, ஒரு விஷயம்" என்று நான் இழுக்கும்போதே பின்னாலிருந்து "என்ன விஷயம்?" என்று அவள் குரல் கேட்கிறது. அத்தோடு என் விஷயம் போயே போச்சு, பேத்தி இன்று எத்தனை தடவை தும்மினாள் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். காலமெல்லாம் மின்சார இலாகாவில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து, மேலிடத்துக்கு எழுதி எழுதியே பழகியவன் நான். எழுத்தில்தான் எனக்குத் தைரியம் வரும்.

போன வாரம் நீங்கள் ரொம்பப் பணிவாகக் கேட்டீர்கள்: "மாமா, அத்தை இன்னும் ஒரு ஆறு மாசம் இருக்கட்டுமே. பாப்பாவை விட்டுட்டு இவ வேலைக்குப் போகணும். அத்தை இருந்தா எங்களுக்குக் கவலையே இல்லை." நான் உடனே "அதுக்கென்ன மாப்பிள்ளை, தாராளமா" என்றேன். இதற்கு முந்தின நீட்டிப்புக்கும், அதற்கும் முந்தினதற்கும் இதே தாராளமாதான் சொன்னேன். என் வாய் அப்படி. அந்தத் தாராளமாவை எழுத்து மூலம் உறுதிசெய்வதே இக்கடிதத்தின் நோக்கம். ஆனால் அதற்கு முன்னால் திராட்சைக் கொடியின் இன்றைய நிலவரத்தை நீங்கள் தெரிந்துகொள்வது அவசியம். காகிதத்தில் சிமென்ட் தூசி இருந்தால் தட்டிவிட்டுப் படியுங்கள். வீட்டில் கொஞ்சம் இடிக்கிற வேலை நடக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை.

அந்தக் கொடி உங்கள் அத்தை நட்டது. நட்டது என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது, என்னைத் திட்டிக்கொண்டே நட்டது. விதையில்லாத திராட்சை வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள், நான் பார்த்துப் பார்த்து விதையுள்ளதை வாங்கி வந்தேன். "இந்த ஜென்மத்துல நீங்க ஒரு நல்ல பழம் வாங்கிட்டு வரப்போறதில்லை. நானே வளர்த்துச் சாப்பிட்டாதான் உண்டு" என்று சொல்லி, துப்பின விதையையெல்லாம் கழுவி, ஈரத்துணியில் முடிந்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். சூடான ஊரில் விதைக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாதாம், ஃபிரிட்ஜுக்குள் கொஞ்ச காலம் கிடந்தால்தான் குளிர்காலம் முடிந்துவிட்டது என்று நம்பி முளைக்குமாம். இந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது. டப்பாவைத் திறந்து பார்த்து, மிளகு ஈரமாகிவிட்டது போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, பாதியை ஆம்லெட்டில் தூவிவிட்டேன். கடைவாய்ப் பல் ஒன்று ஆடியதோடு அந்த விஷயம் முடிந்தது. தூவினது போக மிஞ்சியதில் நாலைந்து முளைத்தன, ஒன்றை நத்தை தின்றது, ஒன்றை நான் களை என்று பிடுங்கினேன், மற்றவை தாமாகவே மனம் வெறுத்துப் போயின. தப்பியது ஒன்றே ஒன்று. அதைத் தொட்டியிலிருந்து எடுத்து அடுப்படிக்கு வெளியே சுவரோரமாக வைத்தாள். அடுப்படி ஜன்னல் வெளியிலிருந்து பார்த்தால் என் தலைக்கு மேலே இருக்கும், உங்களுக்குத் தெரியும், நீங்கள் ஒரு தடவை அதில் இடித்துக்கொண்டிருக்கிறீர்கள். "வேலை செஞ்சுக்கிட்டே ஜன்னல் வழியா கையை நீட்டி ஒரு பழம் பறிச்சு வாயில போட்டுக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு ஆசை" என்றாள். வேறு எதற்கும் ஆசைப்பட்டு அவள் என்னிடம் கேட்டதில்லை, மாப்பிள்ளை.

அவள் விமானம் ஏறப் புறப்பட்டபோது கொடி என் முழங்காலுக்குக் கூட வரவில்லை. பெட்டியெல்லாம் டாக்சியில் ஏறிவிட்டது. இவள் மட்டும் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய் அதற்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். நான் பின்னாலேயே போய் நின்றேன். எப்போ வருவே என்று கேட்க வெட்கமாக இருந்தது. பேத்தி பிறக்கப் போகிற நேரத்தில் கிழவனுக்கு என்ன கேள்வி இது என்று நினைத்துவிட்டால்? அவளாகவே சொன்னாள்: "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க. இந்தக் கொடி அடுப்படி ஜன்னலைத் தொடும்போது நான் வந்து நிப்பேன். போதுமா?" போதும் என்றேன். அப்போது போதும் போலத்தான் இருந்தது.

சூடான ஊரில் திராட்சைக் கொடி வளர்கிற வேகம் உங்களுக்குத் தெரியாது. ஆரம்பத்தில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருந்தது. வேர் பிடித்ததும் யாரோ துரத்துகிற மாதிரி ஏறத் தொடங்கியது. காலையில் டீயோடு போய்ப் பார்ப்பேன், சாயங்காலம் டீயோடு போய்ப் பார்ப்பேன், அதற்குள் ஒரு விரல் ஏறியிருக்கும். எனக்கு ஒரே கொண்டாட்டம். ஜன்னல் கம்பிக்கும் கொழுந்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது, அப்போதுதான் உங்கள் முதல் நீட்டிப்பு வந்தது. நான் தாராளமா என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் வந்து பார்க்கிறேன், அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. கொடி ஜன்னலைத் தொட்டு அவள் வராமலிருந்தால் அவள் சொன்ன வார்த்தை என்ன ஆவது? கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி எதுவும் பொய்த்ததில்லை, நான் வாங்கி வருகிற பழம் புளிக்கும் என்பது உட்பட. அவள் ஊரில் இல்லாத நேரத்தில் அவள் வார்த்தையைக் காப்பாற்றுவது என் பொறுப்பு. ஒரு பழைய பனியனை நாடா நாடாவாகக் கிழித்து, ஸ்டூல் போட்டு ஏறி, கொழுந்தைப் பக்குவமாக வளைத்துப் பக்கவாட்டில் ஆணி அடித்துக் கட்டிவிட்டேன். அது இரண்டு நாள் கோபித்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டது, பிறகு மறுபடி மேலே திரும்பியது. நானும் மறுபடி கட்டினேன். எனக்கு இருக்கிற பனியனெல்லாம் இப்படியே சுவரேறிவிட்டது. இப்போது சட்டைக்குள் ஒன்றுமில்லை.

இதற்கு நடுவில் அத்தை தினமும் போனில் ஒரே பாட்டு. "என்னங்க, வெட்டினீங்களா?" எதை என்று கேட்பேன். "தெரியாத மாதிரி கேக்காதீங்க. இங்க குளிர் வந்தா கொடியெல்லாம் தானா இலையைக் கொட்டிட்டுத் தூங்குது. நம்ம ஊர்ல குளிர் ஏது? அதுக்குத் தூங்கவே தெரியாது. நாமதான் வெட்டித் தூங்க வைக்கணும். அப்பதான் எழுந்திரிக்கும்போது பூவோட எழுந்திரிக்கும். வெட்டாம விட்டா வெறும் இலையாத்தான் தள்ளும்." பார்க்கலாம் என்பேன். "என்ன பார்க்கலாம்? ஊர் மரத்தையெல்லாம் வெட்டின கைக்கு இந்த ஒரு கொடியில என்ன கூச்சம்?" அவள் சொல்வது நியாயம்தான். மின்கம்பியைத் தொடுகிற கிளை எதுவாக இருந்தாலும் நின்று வெட்ட வைத்துவிட்டுத்தான் நகர்வேன், இலாகாவில் எனக்குக் கத்தரி என்றே பட்டப்பெயர். ஆனால் இதை வெட்டினால் இது ஜன்னலைத் தொட இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று அவள் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். தூங்கத் தெரியாதது கொடி மட்டுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் பேத்தி தும்மிவிட்டாள்.

ஜன்னல் பக்கம் விடவில்லை என்றதும் கொடி குழாயைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டது. மாடியில் குடியிருக்கிற தையல்காரம்மாவை உங்களுக்குத் தெரியும், மகள் கல்யாணத்துக்கு உங்கள் கோட்டைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தவர். திராட்சைக் கொடிக்குச் சுருள் சுருளாகக் கை உண்டு, எதைத் தொட்டாலும் சுற்றிக்கொள்ளும். அந்த அம்மா தைத்து, துவைத்து, கொடிக்கயிற்றில் காயப்போட்டிருந்த யாரோ ஒருவருடைய புது ரவிக்கையின் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றிருக்கிறது. மேலிருந்து சத்தம்: "சார்! உங்க செடி என் கஸ்டமர் துணியைப் பிடிச்சு இழுக்குது சார்!" ஓடிப்போய் ஒவ்வொரு சுருளாகப் பிரித்தெடுத்தேன். கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்ட வேண்டியதுதானே என்று அந்த அம்மா கத்தரியை நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "வெட்ட மாட்டேம்மா. வேற பக்கம் திருப்பி விட்டுடறேன்." அந்த அம்மா என்னையும் பார்த்தார், சுவரில் வரிசையாகக் கட்டியிருந்த பனியனையும் பார்த்தார். "மேடம் எப்ப சார் வர்றாங்க?" என்றார். இந்தக் கேள்விக்கும் கொடிக்கும் என்ன சம்பந்தம்?

திருப்பி விட்டேன். வேறு பக்கம் என்றால் வாசல் பக்கம். வாசல் பக்கம் என்றால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற மின்கம்பி. இதைப் படிக்கும்போது உங்களுக்கே சிரிப்பு வரும், எல்லாரையும் விட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் என் கண் முழுக்க அடுப்படி ஜன்னலிலேயே இருந்ததால் வாசலைக் கவனிக்கவில்லை. ஒருநாள் மழைத் தூற்றலில் படபடவென்று சத்தம், தெரு முழுக்க விளக்குப் போய்விட்டது. சற்று நேரத்தில் இலாகா வண்டி வந்து என் வாசலிலேயே நின்றது. இறங்கினவன் யார் தெரியுமா? ஏணி. அவன் பெயரை நானே மறந்துவிட்டேன், அவ்வளவு உயரம். எனக்குக் கீழே வேலை பார்த்தவன், வெட்டுகிற வேலையை நான்தான் அவனுக்குப் பழக்கினேன். "சார், நீங்களா! கொடி உங்களுதா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டான்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இது சாதாரணக் கொடி இல்லப்பா" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க, நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க" என்றான். "நாளைக்கு வா, நானே ஒதுக்கிக் கட்டிடறேன்" என்றேன். "நாளைக்குன்னு சொல்றவன் என்னைக்கும் கட்ட மாட்டான், இதுவும் நீங்க சொன்னதுதான் சார்" என்றான். கடைசியில் "வீட்டம்மா ஊர்ல இல்லப்பா" என்றேன். ஏணி சிரிப்பை நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அப்படிச் சொல்ற வீட்டுலதான் சார் முதல்ல வெட்டச் சொல்வீங்க. அவங்க வந்துட்டா விடமாட்டாங்கன்னு." ஒருத்தன் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் இவ்வளவு பேசியிருக்கவே கூடாது, மாப்பிள்ளை.

ஆனாலும் நல்ல பையன். எனக்காகக் கம்பிப் பக்கத்தை மட்டும் நறுக்கிவிட்டு இறங்கி, "மீதியை அப்படியே விட்டுடறேன் சார், போதுமா?" என்று கேட்டான். போதும் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் கையில் அரிவாளோடு ஒருவன் என் எதிரில் நின்று போதுமா சார் என்று கேட்டதும், இத்தனை வருஷப் பழக்கம், என் வாய் தானாகவே திறந்துகொண்டு, "வெட்டறதுன்னா ஒழுங்கா வெட்டு! அரைகுறையா விட்டா அடுத்த மழைக்கு மறுபடி வந்து நிப்பே, இடுப்பு உயரத்துக்கு இறக்கு!" என்று ஓர் அதட்டல் போட்டது. அவனும் பழக்கதோஷத்தில் "எஸ் சார்" என்று சொல்லி, நான் வாயை மூடுவதற்குள் இறக்கிவிட்டான். மாடியிலிருந்து ஜன்னலைச் சுற்றி வாசல்வரை போயிருந்த கொடி மொத்தமும் என் காலடியில் கிடந்தது, பனியனோடு. நானே சொல்லி, நானே பார்த்துக்கொண்டு நின்றேன். தையல்காரம்மா மேலிருந்து எட்டிப் பார்த்து "என்ன சார், அழறீங்களா?" என்றார். தூசி என்றேன். "மழையில ஏது சார் தூசி?" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் கேட்காமல் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

வெட்டின இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. எனக்குத் தாங்கவில்லை. மிச்சமிருந்த பனியன் துண்டை வைத்துக் கட்டுப் போட்டேன், கட்டும் நனைந்தது. உள்ளே தண்ணீர் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று முடிவுகட்டி, ஊற்றுகிற தண்ணீரையும் நிறுத்திவிட்டேன். மிஞ்சியிருந்த ஒன்றிரண்டு இலையும் உதிர்ந்தது. பின்பக்கம் போவதையே விட்டேன். போனில் அத்தை "கொடி எப்படி இருக்கு?" என்று கேட்டால் இருக்கு என்பேன். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றால் அதற்கும் இருக்கேன்தான். வீட்டில் எல்லாச் சாமானும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கிறது. கண்ணாடியை மேஜை மேல் வைத்தால் மறுநாளும் மேஜை மேலேயே இருக்கிறது. இத்தனை வருஷமும் என் பொருளை எடுத்து வேறெங்கோ வைத்துவிட்டாய் என்று நான் கத்துவேன், கண்ணெதிரில் இருக்கிறதைப் பார்க்கத் தெரியாதா என்று அவள் கத்துவாள். இப்போது எதுவும் தொலைவதில்லை. டீயில் சர்க்கரை போட்டேனா என்று நினைவில்லாமல் இரண்டு தடவை போட்டுக் குடிக்கிறேன், ஏன் இவ்வளவு சர்க்கரை என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அடுப்படிக்குள் போனால் சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறேன்.

நிற்க. கொடியின் நிலவரம் இவ்வாறிருக்க, அது இனி வளர்ந்து ஜன்னலைத் தொடுவதற்குக் காலம் பிடிக்கும் என்பதால், அத்தையின் வார்த்தைக்கு இப்போதைக்கு எந்தப் பங்கமும் இல்லை. எனவே அவள் அங்கே மேலும் ஆறு மாதம் தங்கியிருக்க இதன் மூலம் முழுமனதோடு சம்மதம் தெரிவிக்கிறேன். என்னைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். சாப்பாட்டுக்குக் குறையில்லை, ரொட்டியும் முட்டையும் கிடைக்கிறது, ஈரமான மிளகு எதையும் தொடுவதில்லை. கொடியை வெட்டிய விவரத்தை மட்டும் அவளிடம் சொல்லிவிட வேண்டாம்.

மகள் போகிற வேலையில் நல்ல பெயர் எடுக்கட்டும். உங்கள் இடுப்பு உங்கள் பேச்சைக் கேட்கட்டும். பேத்தி தும்மாமல், விழாமல், எங்களைப் போல் பிடிவாதம் பிடிக்காமல் வளரட்டும். உங்கள் எல்லாரையும் நினைத்தபடியே இருக்கும்,

அன்புள்ள மாமா

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போகிற சமயத்தில் கொத்தனார் கூப்பிட்டுவிட்டார், அதனால் மறுபடி பிரித்து எழுதுகிறேன். எந்தக் கொத்தனார் என்று கேட்பீர்கள். விஷயம் இதுதான். போன மாதம் துடைப்பம் தேடிப் பின்பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். செத்துவிட்டது என்று நான் கைகழுவின கட்டையில் சுற்றிலும் துளிர். துளிர் மட்டுமில்லை, ஒவ்வொன்றிலும் கடுகு கடுகாகப் பூங்கொத்து. இலையைக் கொட்டி, தாகத்தில் கிடந்து, தூங்கி எழுந்திருக்கிறது, உங்கள் அத்தை சொன்ன மாதிரியே பூவோடு எழுந்திருக்கிறது. இப்போது பூ பிஞ்சாகிவிட்டது. பிஞ்சு பழமாக அதிக காலம் ஆகாது, அதனிடம் தாராளமா ஆறு மாசம் எடுத்துக்கோ என்று சொல்ல முடியாது. ஆனால் கொத்துத் தொங்குவது இடுப்புக்கும் கீழே, ஜன்னல் இருப்பதோ தலைக்கு மேலே. என்ன செய்வது? கொத்தனாரைக் கூப்பிட்டு, அடுப்படி மேடைக்குக் கீழே, சிலிண்டர் இருந்த இடத்தில் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லிவிட்டேன். "முழங்கால் உயரத்துல எதுக்கு சார் ஜன்னல், பூனைக்கா?" என்றார். வீட்டம்மாவுக்கு என்றேன். தரையிலிருந்து கையால் உயரத்தை அளந்து பார்த்துவிட்டு "ரொம்பக் குள்ளமோ?" என்றார். இல்லப்பா, ரொம்ப தூரம் என்றேன்.

அத்தைக்கு முட்டி மடங்காது என்பது தெரியும். உட்கார்ந்து பறிக்க ஒரு முக்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். பேத்தி நின்றபடியே பறிக்கலாம், அவள் கைக்குச் சரியான உயரம், ஆகவே அவளையும், மகளையும், லீவு கிடைத்தால் உங்களையும் சேர்த்தே எதிர்பார்க்கிறேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள இங்கே எனக்கும் வேறு வேலை இல்லை. மேலே கொடுத்த சம்மதம் ரத்து. இதுவரை எழுதியதை மறைத்துவிட்டு, இனி வருகிற வரியை மட்டும் ஸ்பீக்கரில் போடுகிற மாதிரி சத்தமாக அவள் காதில் படியுங்கள், மாப்பிள்ளை. அடுப்படி ஜன்னல் என்றுதான் அவள் சொன்னாள். இதுவும் அடுப்படிதான், இதுவும் ஜன்னல்தான். கொடி தொட்டாச்சு. வரச் சொல்லுங்கள்.